இரண்டாம் முறை கேட்பான்

சேகோ மில் ஓடத் தொடங்கிவிட்டால், சின்னசேலம் சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் அந்தப் புளித்த வாடை வந்துவிடுகிறது. ஜவ்வரிசிக்காக மரவள்ளி மாவு ஊறிப் புளித்த வாடை. பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் உண்டு. நான் ஜன்னலைச் சாத்துவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும் வரியைப் பாதியில் விட்டு எழுந்துபோய் நிற்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் அந்தப் பாதி வரி யாரோ எழுதியதுபோலக் கிடக்கிறது.

காதல் கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். மாதம் ஒரு நாவல். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு கடைகளில் முறுக்குப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த வகை. கல்யாணமாகி ஒரே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அதற்கப்புறம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. நாயகன் கதையின் நடுவில் ஒருதரம் கேட்பான். நாயகி பதில் சொல்லக் கூடாது. சொன்னாலும் மழுப்ப வேண்டும். கடைசி அத்தியாயத்தில், மழையோ ரயிலோ ஆஸ்பத்திரியோ, ஏதோ ஒன்றின் முன்னால் நின்று அவன் இரண்டாம் முறை கேட்பான். அந்த இரண்டாம் முறைக்காகத்தான் வாசகிகள் விடிய எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே நின்று படிக்கிறார்கள். பதிப்பாளர் போனில் சொல்வார்: "அவசரப்பட்டு சேத்து வெச்சிடாதீங்கம்மா, பக்கம் பத்தாது." நான் சேர்த்துவைத்ததில்லை. கை பழகிவிட்டது. கை மட்டும்தான் பழகியது என்று நினைத்திருந்தேன்.

ஐம்பதை நெருங்கும்போது சரித்திர நாவல் ஆசை வந்தது. கல்வராயன் மலையை ஜாகீர்தார்கள் ஆண்ட காலம். மலையில் கடுக்காய் பொறுக்கும் ஒரு பெண்; கடுக்காயும் தேனும் வாங்கக் கீழிருந்து பொதிமாட்டோடு ஏறிவரும் ஒரு வியாபாரியின் மகன். கதை எளிது. ஆனால் பொதிமாடு எந்த வழியாக ஏறும், அவள் காதில் என்ன போட்டிருப்பாள், கூடையை எதைக் கொண்டு பின்னியிருப்பார்கள், ஒன்றும் தெரியாது. நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்தது போதாமல் கிளம்பினேன்.

வண்டி ஓட்டியது என் அத்தை மகன். எனக்கு மூத்தவர், சின்ன வயசிலிருந்தே நான் மாமா என்று கூப்பிடுகிறவர். நைனார்பாளையத்தில் நிலம், மரவள்ளி போட்டிருந்தார். கிழங்கு ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி வைத்திருந்தார். அத்தை மகன் முறையில் ஒரு காலத்தில் எங்களைச் சேர்த்துப் பேசினார்கள். ஏதோ மனத்தாங்கல் வந்து அது நின்றுபோனது. அவருக்கு வேறு இடம், எனக்கு வேறு இடம். என் இடம் நிலைக்கவில்லை. அவர் மனைவி தவறி நாளாகிவிட்டது. ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள்.

"சரித்திரம்னா ராஜாலாம் வருவானா?" என்றார், முதல் நாள் வண்டியில்.

"வர மாட்டான் மாமா. கடுக்காய் பொறுக்கறவதான்."

"அதுக்கு இன்னாத்துக்கு சரித்திரம்? மலைல இன்னிக்கும் பொறுக்கிக்கினுதான் கீறாங்க. போய்ப் பாரு."

ரிஷிவந்தியம் போனோம், பழைய சிற்பங்களில் நகை பார்க்க. நான் தூண் தூணாக நின்று காதணி வரைந்துகொண்டிருந்தேன். அவர் அர்த்தநாரீஸ்வரர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு வந்து நின்றார்.

"இவங்களுக்குள்ள ஒரு சௌகரியம் பாத்தியா. ஒருத்தர ஒருத்தர் கேக்க வேண்டிய வேலையே இல்ல."

நான் சிரித்தேன். அந்த வாக்கியத்தை நாவலில் போட்டுக்கொண்டேன். எதைச் சொன்னாலும் எடுத்துப் போட்டுக்கொள்கிறவளிடம் ஒரு மனிதன் எப்படித்தான் பேசுவான்.

என் நாவல் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி நிஜமாக இருக்கும். யாருக்கும் சொன்னதில்லை. இதிலும் ஒன்று வைத்தேன். எனக்குப் பதினேழு வயசு இருக்கும்போது, கிழங்கு பிடுங்குகிற நாளில், மாமா வரப்போரம் சருகு கூட்டித் தீ வைத்து ஒரு கிழங்கைச் சுட்டார். தோலை உரித்தார். விரல் சுட்டு உதறிக்கொண்டே ஊதி ஊதி என் கையில் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அதைத்தான் அந்த வியாபாரி மகன் கடுக்காய்க்காரிக்குச் செய்தான். எழுதி முடித்தபோது அந்த ஐந்து பக்கத்துக்காகவே மீதி நாவல் என்று தோன்றியது.

பிறகுதான் படித்தேன். மரவள்ளி இந்த மண்ணின் கிழங்கே இல்லை. கடல் தாண்டி வந்தது. இந்தப் பக்கக் காடுகளுக்கு அது வந்து சேர்ந்தது என் கதை நடக்கும் காலத்துக்கு ரொம்பப் பிந்தி. என் நாயகன் சுட்டுக் கொடுக்கக் கிழங்கே கிடையாது. அடித்தேன். ஐந்து பக்கத்தையும் அடித்தேன்.

மறுமுறை நைனார்பாளையம் போனபோது வயலில் வைத்துச் சொன்னேன். மில்லுக்குப் போகிற கிழங்கு வேறு, தின்கிற கிழங்கு வேறு. தின்பதற்கென்று வரப்போரம் ஒரு வரிசை எப்போதும் விட்டிருப்பார். அதில் ஒரு செடியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப குச்சிக்கிழங்கு அந்தக் காலத்துல இல்லவே இல்லியா?"

"இல்ல மாமா."

"இன்னாத்த துன்னான் உன் ஹீரோ?"

"சாமை. தினை. சாமைக் கஞ்சின்னு மாத்திட்டேன்."

"சாமைக் கஞ்சியக் குடுத்தா எவ மயங்குவா?" சிரித்தார். செடியை விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அப்புறம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்ப நான் கதைல இல்ல" என்றார்.

அவருக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுகிறேன்.

அடுத்த வாரம் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டியதும், கோமுகி அணையில் தண்ணீர் கம்மியாகக் கிடந்தது. வளைவு வளைவாக ஏறி வெள்ளிமலையில் டீ குடித்தோம். டீக்கடை அம்மா என்னைப் பார்த்து, அவரைப் பார்த்து, "ரெண்டு பேரும் புருசன் பொஞ்சாதிங்களா?" என்று கேட்டார்.

"இவங்க எழுதறவங்க, நான் ஓட்டறவன்" என்றார் மாமா. "சக்கரை ஜாஸ்தியாப் போடுங்க, எழுதறவங்களுக்கு."

அன்று கடுக்காய் மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றேன். உதிர்ந்த காய் காலில் உருண்டது. கூடை, வழி, ஓடைக் கல் எல்லாம் பார்த்தாயிற்று. இறங்கும்போது ஒரு வளைவில் எதிரே பஸ் வர, ஒதுக்கி நிறுத்தினார். பஸ் போய்விட்டது. அவர் வண்டியை எடுக்கவில்லை.

"பொண்ணு ஓசூருக்கு வந்துடச் சொல்றா. ஒண்டியா இன்னாப்பா பண்றேங்கறா. நிலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டுப் போலாமான்னு கீது." ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். "நீ இருன்னு சொன்னா இருக்கறேன். நம்ம வூட்டுலயே எழுதிக்கினு இரேன். நான் இன்னா, தொந்தரவா பண்ணப் போறேன்."

கீழே சமவெளி வெயிலில் கிடந்தது. அணை ஒரு கண்ணாடித் துண்டாக மின்னியது. எனக்குள் ஒருத்தி சரி என்று சொல்லிவிட்டாள். இன்னொருத்தி, இவ்வளவு காலம் சோறு போட்டவள், அவள் வாயைப் பொத்தினாள். இது நடுப்பக்கம். இங்கே சொல்லக் கூடாது.

"நாவல் முடியட்டும் மாமா" என்றேன்.

"செரி" என்றார். வண்டியை எடுத்தார்.

நாவல் முடிந்தது. அச்சுக்குப் போகும்முன் கடைசி அத்தியாயத்தை அவரிடம் கொடுத்தேன். ஓடையில் வெள்ளம், அக்கரையில் அவள், இக்கரையில் அவன், பொதிமாட்டை அவிழ்த்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தி, இரண்டாம் முறை கேட்கிறான். நான் எழுதியதில் நல்ல அத்தியாயம் அதுதான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு தபா கேட்டா பத்தாதா இவனுக்கு?" என்றார்.

"முதல் தபாவே அவ சரின்னுட்டா, கதை அங்கயே முடிஞ்சிடுமே மாமா."

"முடிஞ்சா இன்னா? நல்லாத்தானே முடியுது."

தாள்களை அடுக்கித் தட்டிக் கொடுத்தார். அப்போதும் நான் காத்திருந்தேன். கதவுவரை போய்த் திரும்புவார் என்று. திரும்பினார். "குடைய மறந்துட்டேன்" என்று எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் எத்தனை சாக்கு வைத்தேன். ஜாக்கெட்டுக்குத் துணி எடுக்க வண்டி வேண்டும் என்றேன். களமருதூரில் ஒரு கல்யாணம், ஒண்டியாகப் போக முடியாது என்றேன். வந்தார், ஓட்டினார், பந்தியில் எனக்கு அப்பளம் வாங்கி வைத்தார். நெல் விலை பேசினார். என் முழங்கால் வலிக்குத் தைலம் சொன்னார். கேட்கவில்லை. மலையில் கேட்டதைப் பற்றிய ஒரு தடம்கூட அவர் முகத்தில் இல்லை. அது கோபம் என்று நினைத்தேன். வீம்பு என்று நினைத்தேன். பொறுத்திருக்கிறார் என்றும் ஒருநாள் நினைத்து ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன். பதில் வந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது, இத்தனை மனிதர்களைக் கற்பனை செய்தவளுக்குத் தோன்றவே இல்லை.

புத்தகம் வந்த வாரம் போன் செய்தார். நிலம் குத்தகைக்குப் போய்விட்டது, வண்டியை விற்றாயிற்று, சேலம் பஸ் பிடித்து ஓசூர் போகிறேன், கள்ளக்குறிச்சியில் ஏறுகிறேன், ஒரு எட்டு வந்து பார்.

காலை நேரம். பஸ் ஸ்டாண்டில் பூக்காரிகள் முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பை, ஒரு குடை, கையில் ஒரு தூக்கு. தூக்கை என்னிடம் நீட்டினார். திறந்தேன். துணிக்குள் சுட்ட கிழங்கு, தோல் உரித்தது, இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"வரப்போரம் வரிசைல கடைசிச் செடி. குத்தகைக்காரன் அத வுட மாட்டான், பிடுங்கிட்டு நெல்லு போடுவான்."

புத்தகத்தைக் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சேலம் பஸ் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கையிலிருந்த தூக்கு சுட்டது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்த அத்தனை வசனமும் அந்த இரைச்சலில் எங்கேயோ போய்விட்டது.

"மாமா, நீங்க அப்புறம் கேக்கவே இல்லியே."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அந்த முகத்தை நான் எழுத மாட்டேன்.

"எங்கிட்ட இருந்தது ஒரு கேள்விதான் புள்ள," என்றார் மெதுவாக. "அத மலைலயே கேட்டுட்டேனே."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. நான் கூடவே நாலடி நடந்தேன், தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. அவர் தலையை வெளியே நீட்டினார். கேட்கப் போகிறார் என்று, அந்தக் கடைசி நொடியிலும், என் பாழும் கை பேனாவைத் தேடியது.

"ஆறிடப் போவுது," என்றார். "துன்னு."