கைக்கு எட்டும் துணி

பிலவேந்திரன் செத்ததற்கு அவர் மனைவி அமலோற்பவம் அழவில்லை என்பது தியாகதுருகத்தில் அவர்கள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. அடக்கத்தன்றும் அழவில்லை, முப்பதாம் நாள் பூசையிலும் அழவில்லை. "கல்லாட்டம் உக்காந்துகினு கீறா பாரு" என்று காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளே உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள்; பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், யாராவது ரவிக்கைத் துணி கொண்டுவந்தால் தைத்துக் கொடுத்தாள்.

அவள் பிறந்தது கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில். அங்கே பெண்கள் குளிப்பது மோட்டார் கொட்டகையில், பாவாடையை மார்போடு தூக்கிக் கட்டிக்கொண்டு, கரும்பு வெட்டப் போகிற ஆட்கள் வருவதற்குள் அவசர அவசரமாக. கல்யாணமாகி வந்த வீட்டிலும் குளியலறை என்று ஒன்று கிடையாது. கொல்லையில் நாலு கீற்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். பலமாகக் காற்றடித்தால் அதுவும் கோவிந்தா. சர்க்கரை ஆலையில் எடைமேடை வேலை பார்த்த பிலவேந்திரன், ஒழுகுகிற சமையற்கட்டுக்கு ஓடு மாற்றுவதைக்கூடத் தள்ளிப்போட்டுவிட்டு, முதலில் செங்கல் வைத்து ஒரு குளியலறை கட்டினார். கதவுக்கு உள்பக்கம் விரல் தடிமனில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள். "நீ பாட்டுக்கு நிம்மதியா குளி. ஒருத்தன் உள்ள வர முடியாது" என்றார். அந்த மனுஷன் ஆயுசுக்கும் பேசிய காதல் வசனம் அவ்வளவுதான்.

அவரும் மகா கூச்சக்காரர். சித்திரை வெயிலிலும் மருமகள் வந்திருந்தால் சட்டையைக் கழற்ற மாட்டார். வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால்கூட, நர்சம்மா வெளியே போகிற வரைக்கும் டாக்டரிடம் பனியனைத் தூக்கிக் காட்ட மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் அந்தக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவோ உள்பக்கமாகத் திறக்கிற கதவு, அதை அடைத்துக்கொண்டு கிடந்தார். வேட்டியும் துண்டும் மேலே ஆணியில் தொங்கின.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்று அமலோற்பவம் கதவைத் தட்டினாள்.

"உழுந்துட்டேன்."

"இருங்க, பக்கத்து வூட்டுல பெரியநாயகியையும் அவ வூட்டுக்காரரையும் கூப்புடறேன்."

"கூப்புடாதடி! ஒட்டுத்துணி இல்லாம கெடக்கறேன். மானத்த வாங்காத. நானே எந்திரிச்சிக்கறேன், செத்த இரு."

இருந்தாள். நாற்பது வருஷமாக அவர் இரு என்றால் இருந்தவள், அன்றைக்கும் இருந்தாள். உள்ளே முனகல் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. அதன் பிறகுதான் கத்தினாள். பெரியநாயகி புருஷன் கண்ணாயிரமும் இன்னும் நாலு பேரும் வந்து கதவை உடைத்தார்கள். உள்ளுக்குள் ரத்தம் கட்டிப்போயிருந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் மறுநாளே திரும்பக் கொண்டுவந்தார்கள். நடந்ததை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இதே வரிசையில், இதே குரலில் சொன்னாள். "புருஷன் சொன்னா அப்பிடியே கேட்டுக்கினு நிக்கிறதா?" என்று கேட்டவர்களும் உண்டு.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் ஆல்பின் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, அம்மா உடைந்த கதவுக்குப் பதில் பழைய புடவையைத் தொங்கவிட்டு, இருட்டு பிரியும் முன்னே பாவாடையோடு குளித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். முழங்கால் வலியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கிறாள் என்பதையும் பார்த்தான்.

"இப்பிடியே உட்டுட்டுப் போவ முடியாதும்மா. எங்க கூட வந்துடு."

"வரலப்பா."

"அப்ப பாத்ரூம மாத்தறேன். உன்னால ஒண்டியா சேஃப்பா குளிக்க முடியும்னு என் கண்ணால பாக்கணும். அப்பதான் இங்க உடுவேன். இல்லன்னா பேச்சே இல்ல, ஓசூருதான்."

வீட்டின் மேல் அவளுக்குப் பெரிய பாசம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ஓசூரில் இரண்டு அறை வீடு. அங்கே தடுமாறினால் மருமகள்தான் கையைப் பிடித்துக் குளிப்பாட்டவேண்டும். மருமகள் மெர்லின் தங்கமான பெண்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்காக அவள் முன்னால் துணியில்லாமல் நிற்க முடியுமா? மரத்துப் போன உள்ளத்தில் அது ஒன்று மட்டும் சுருக்கென்று குத்தியது. அதனால்தான் பாத்ரூமுக்குச் சம்மதித்தாள்.

மெர்லின் செல்போனில் படம் படமாகக் காட்டினாள். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது அத்த. பெரிய ஓட்டல் பாத்ரூம் மாதிரி இருக்கணும்." படுக்கையறையை ஒட்டினாற்போல இடம் ஒதுக்கினார்கள். வாசற்படியே இல்லாத தளம். தண்ணீர் பட்டாலும் வழுக்காத சாம்பல் நிற டைல்ஸ். கைப்பிடிகள் எல்லாம் கறுப்பு நிறம். பார்த்தால் அலங்காரத்துக்கு வைத்தது போலிருக்கும், பிடித்தால் ஆளையே தாங்கும். சுவரோடு மடக்கிவைக்கிற பலகை, உட்கார்ந்தபடி பிடித்துக்கொள்ளக் கைஷவர், தள்ளினால் நகரும் கதவு. தாழ்ப்பாளைக்கூட வெளியிலிருந்து திறக்கலாம். எல்லாவற்றுக்கும் அமலோற்பவம் "சரி" என்றாள். பச்சை டைல்ஸ் காட்டியிருந்தாலும் "சரி" என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆல்பின் தரையோரமாக ஒரு மணிப் பொத்தானும் வைத்தான். அதை அழுத்தினால் கூடத்தில் மட்டுமல்ல, பெரியநாயகி வீட்டிலும் மணி அடிக்கும். "அப்பாவக் கொன்னது அந்தத் தாப்பாளும் அந்தக் கதவுந்தாம்மா. ரெண்டையும் ஒழிச்சாச்சு. உழுந்தா இத அமுக்கு, போதும்."

அமலோற்பவம் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொத்தனார் கொளஞ்சியப்பனிடம் திரும்பினாள்.

"இதுக்குப் பக்கத்துல ஒரு கொக்கி அடிச்சிக் குடுங்க."

"துண்டு மாட்டவா? மேல ராடு வச்சிருக்கமேம்மா."

"கீழ வோணும்." தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் காட்டினாள்.

கொளஞ்சியப்பன் சிரித்துவிட்டார். "யாரும்மா அவ்ளோ கீழ துண்டு மாட்டுவாங்க? பூன குளிச்சிட்டுத் தொவட்டிக்கவா?"

"அத்த, அங்க கொக்கி வச்சா சுவரோட அழகே போய்டும்" என்று மெர்லின் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"போவட்டும்மா."

ஆல்பினுக்கு எரிச்சல் வந்தது. டைல்ஸில் ஓட்டை போட்டால் தண்ணீர் இறங்கும், குனிந்து எடுத்தால் அவள்தான் விழுவாள், எதற்கு இந்த வீம்பு? இத்தனை செலவு செய்து இழைத்த அறையில், போயும் போயும் இதற்கா பிடிவாதம்? அவள் வாதாடவில்லை. உள்ளே போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஏற்கனவே கள்ளக்குறிச்சி போய்க் கருநீலத்தில் கெட்டிப் பருத்தித் துணி வாங்கி வைத்திருந்தாள், நனைந்தாலும் உடம்பு தெரியாத துணி. அதை ஆளை மூடுகிற அகலத்துக்கு வெட்டி, ஓரம் மடித்து அடித்து, மேல் மூலையில் மாட்டுவதற்கு ஒரு காது வைத்துத் தைத்தாள்.

வேலை முடிந்து டைல்ஸைத் துடைத்துவிட்ட நாளில், ஆல்பின் பரீட்சை வைப்பதுபோல் நின்றான். "நட. உக்காரு. புடிச்சி எந்திரி." எல்லாம் செய்தாள். அவன் முகத்தில் நிம்மதி வந்தது. கொக்கியும் அடித்திருந்தார்கள், வேண்டாவெறுப்பாக, அவள் கேட்டதைவிட உயரத்தில்.

அமலோற்பவம் கருநீலத் துணியைக் கொக்கியில் மாட்டினாள். கைப்பிடியைப் பிடித்து மெல்ல இறங்கி, புடவையோடு அந்தப் புதுத் தரையில் ஒருக்களித்துப் படுத்துவிட்டாள்.

"யம்மா! இன்னா பண்றீங்க?" என்று கொளஞ்சியப்பன் பதறினார்.

அவள் கையை நீட்டினாள். பொத்தான் எட்டியது. துணி எட்டவில்லை.

"உங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் எட்டல" என்றாள், படுத்தபடியே, எப்போதும் சொல்லும் அதே குரலில். "அவருகிட்ட மணி இருந்திருந்தாலும் அமுக்கியிருக்க மாட்டாருடா. கூப்புடாதன்னுதான சொன்னாரு? அவரக் கொன்னது கதவுமில்ல, தாப்பாளுமில்ல. மேல போட்டுக்க ஒரு துணி இல்ல, அவ்ளோதான். துணி இல்லன்னா நானும் அமுக்க மாட்டேன் ஆல்பின். அவர மாதிரியேதான் கெடப்பேன்."

ஆல்பின் மடக்குப் பலகையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். கொளஞ்சியப்பன் டிரில்லைச் சொருகி, அவள் படுத்திருக்கும்போதே அவள் விரலுக்கு அளவு பார்த்து, வேறோர் இடத்தில் கொக்கி அடித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இப்போது எட்டியது. அவள் துணியைச் சுண்டி இழுத்து, கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் மூடிக்கொண்டாள். பிறகு பொத்தானை அமுக்கினாள். கூடத்தில் மணி அடித்தது.

அது அடித்து ஓய்வதற்குள் கொல்லைப்பக்கக் கதவு தடாலென்று திறந்தது. ஒரு பக்கம் கொண்டை அவிழ்ந்து, கையெல்லாம் தோசை மாவோடு பெரியநாயகி ஓடிவந்து நின்றாள்.

"அய்யய்யோ, இன்னாக்கா ஆச்சு?"

அமலோற்பவம் படுத்த இடத்திலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்ளோ சீக்கிரமா வந்துடுவியா?"

"இதோ கீற வூடு. வர்றதுக்கு இன்னாக்கா நேரம் ஆவும்?"

அமலோற்பவம் கருநீலத் துணியை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் செத்த பிறகு முதல்முறையாக, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.