டிக்கிமேல் தேய்ந்த சிவப்பு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்து செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினான். திரையில் ஒரு மஞ்சள் கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. "மாமா, பழைய ஸ்போர்ட்ஸ் கார். சூப்பர் கண்டிஷன், ஒரே ஓனர். ஸ்டார்ட்டிங் டிரபிளே கிடையாதாம். வந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றான். கிடையாதாம்! விற்கிறவன் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் பிள்ளையை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். நான் எழுந்து போய் பீரோவின் அடித்தட்டில் துணி சுற்றிக் கிடந்த காந்தத்தை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். அவன் சிரித்தான். பெயிண்டின் கனத்தை அளக்கவே இப்போது கருவி இருக்கிறதாம். இருக்கட்டும். அந்தத் துணியில் இன்னும் தின்னர் வாசனை அடித்தது. அது என்னைப் பெரம்பலூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பட்டி என்று ஒரு பொருள் உண்டு. பெரம்பலூர் டிங்கரிங் பட்டறைகள் பாதி அதை நம்பித்தான் பிழைத்தன. காரில் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடத்தைத் தகரம் வைத்து அடைக்க யாருக்குப் பொறுமை? பட்டியைக் குழைத்து அப்பி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கும். முதல் மழை வரைக்கும் நிற்கும். தகரத்தில் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. பழைய கார் வாங்கப் போகிறவனுக்குத் தெரிய வேண்டிய வித்தை இவ்வளவுதான். இது தெரிந்ததற்கே நான் என்னைப் பெரிய விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கிற லேபில் எனக்கு வேலை. இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். அரியலூரைத் தனி மாவட்டம் என்றார்கள், மறுவருஷம் பெரம்பலூரோடு சேர்த்தார்கள், பிறகு மறுபடியும் பிரித்தார்கள். இதில் லாபம் பார்த்தது ஆபீஸ்களுக்கு போர்டு எழுதிய பெயிண்டர் ஒருவர்தான். தலையெல்லாம் வெள்ளைத் தூசியோடு அறைக்கு வந்து குளித்துவிட்டு, நான் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிக் கனவு காண்பேன். சைக்கிளுக்கே பஞ்சர் ஒட்டக் கூலி யோசிக்கிறவனுக்குக் கனவைப் பாருங்கள்.

ஆனால் அந்தக் கனவுக்கு ஒரு காரணம் இருந்தது. பாடாலூர் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே எங்கள் ஊர். பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஊரில் ஒரு பெரியவீடு, அந்தப் பெரியவீட்டில் ஒரு சிவப்புக் கார். துணிக்கூரை போட்ட இரண்டு சீட்டு வண்டி. திருச்சியில் யாரோ ஒரு டாக்டர் சீமையிலிருந்து இறக்கியதாம், அவரிடமிருந்து பெரியவீட்டுக்காரர் வாங்கினாராம். அது தானாகக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. காலையில் அவர் வெளியே போக வேண்டுமென்றால் பருத்திக் காட்டைப் பார்த்து ஒரு குரல் விடுவார். எடுத்துக்கொண்டிருந்த பருத்தியை மடியோடு அவிழ்த்துக் கொட்டிவிட்டு நாலைந்து பெண்கள் ஓடி வருவார்கள். முதலில் வருவது அஞ்சலை. அஞ்சலை என் அம்மா. எங்கள் காலனியில் அவளுக்குத்தான் கை பலம். தள்ளுவார்கள், வண்டி இருமும், புகையைக் கக்கிக்கொண்டு பறக்கும். புகைக்குள் அம்மா இடுப்பில் கைவைத்து நிற்பாள். தள்ளியவர்களை ஏற்றிக்கொண்டு போக அதில் இடமா இருக்கிறது?

அந்த வண்டியிலோ அந்த மாதிரி ஒரு வண்டியிலோ அம்மாவை ஒரு தடவை உட்கார வைத்துப் பெரம்பலூருக்குக் கூட்டிப்போக வேண்டும். இதுதான் என் லட்சியம். இதைச் சொன்னபோது அம்மா கெக்கலி கொட்டினாள். "அது ஒரு வண்டியாடா? அது ஓடுனதவிட நாங்க தள்ளுனதுதான் ஜாஸ்தி. அதப் போயி காசு குடுத்து வாங்குவானா ஒருத்தன்? போடா கூறுகெட்டவனே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மூன்று நாள் கழித்து, "அதுல முன்னாடி சீட்டு மெத்துனு இருக்குமோ?" என்று கேட்டதும் அவள்தான்.

தரகர் முருகேசனைப் பிடித்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடைதான் அவருடைய ஆபீஸ். எதைக் கேட்டாலும் இருக்கிறது என்பார். ஸ்போர்ட்ஸ் கார் என்றேன். "ரெண்டு இருக்குங்க தம்பி, எது வேணும்?" என்றார், என்னவோ வடையா போண்டாவா என்று கேட்கிற மாதிரி. முதலில் செந்துறைக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்றது நாலு கதவு வைத்த சாதாரணக் கார். பக்கவாட்டில் இரண்டு கறுப்புக் கோடு ஒட்டி, பின்னால் ஒரு தகர றெக்கை மாட்டியிருந்தார்கள். "இதான் ஸ்போர்ட்ஸ்" என்றார். காந்தத்தை வைத்தேன். விழுந்தது. கதவில் வைத்தேன். விழுந்தது. அந்த வண்டியில் தகரம் இருந்தது அந்த றெக்கையில் மட்டும்தான். "உங்க காந்தத்துல பவர் இல்லீங்க தம்பி" என்றார் அந்த மகானுபாவர்.

இப்படியே நாலு மாதம். வாலிகண்டபுரத்தில் ஒரு ஜீப்பின் கூரையை அறுத்து எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் என்றார்கள். அரியலூரில் ஒரு வண்டியின் சீட்டுக்கடியில் கீரிப்பிள்ளை குடியிருந்தது. "சும்மா ரெண்டு நாளா வந்து போகுது" என்றார் உரிமையாளர், விருந்தாளியைச் சொல்வது போல. எனக்கு வெறுத்துவிட்டது. ஐந்தாம் மாதம் முருகேசன் குரலைத் தாழ்த்தி, "உங்க ஊர்லயே ஒண்ணு சும்மா கெடக்குதாமே தம்பி" என்றார்.

பெரியவீட்டுக்காரரின் பிள்ளைகள் சென்னையோடு போய்விட்டார்கள். வண்டி இரண்டு வருஷமாகக் கொட்டகையில் சின்ன வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. சீட்டெல்லாம் வெங்காய நாற்றம். நான் காந்தத்தை வைத்தேன். ஒட்டியது. மட்கார்டில், கதவில், பானட்டில், எங்கே வைத்தாலும் பச்சென்று ஒட்டியது. ஒரு பொட்டு பட்டி இல்லை! வண்டியைச் சுற்றிப் பின்னால் வந்தபோது டிக்கியின் இரண்டு ஓரத்திலும் சிவப்பு தேய்ந்து, அடிப்பூச்சும் போய், உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் தெரிந்தது. துரு சின்னச் சின்னக் குழிகளாக அரித்திருந்தது. அது யார் கை என்று எனக்குத் தெரியாதா?

முருகேசனுக்கும் அது கண்ணில் பட்டுவிட்டது. "பின்னாடி பாத்தீங்களாய்யா, தள்ளித் தள்ளியே தேஞ்சு கெடக்குது. இது பெரிய பழுதுங்க. பாத்துக் கொறைச்சுக் குடுங்க" என்று பிடித்துக்கொண்டார். பெரியவீட்டுக்காரரும் முனகிக்கொண்டே குறைத்தார். என் அம்மா கை பட்ட இடம் பழுதாகிவிட்டது, அந்தப் பழுதைச் சொல்லி எனக்கு மலிவு. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. திறந்தால் விலை ஏறிவிடுமே.

"ஒண்ணே ஒண்ணுப்பா" என்றார் பெரியவீட்டுக்காரர், ஈஸிசேரில் சாய்ந்தபடி. "இங்கேர்ந்து எடுத்தா நேரா மெயின் ரோட்டுக்குப் போயிடணும். ஊருக்குள்ள ஓட்டப்படாது. உங்க பக்கம் கொண்டு போயி ஊர்வலம் உட்ராதே. நாளைக்கு நாலு பேரு என்னயக் கேப்பான்." ஆலையில் மேனேஜரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் நான். லேபில் என்னைச் சார் என்பார்கள். அங்கே என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "சரிங்கய்யா." கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. தூ!

வண்டி எடுக்கிற நாளில் அம்மா குளித்து, பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்த ஊதாப் புடவையைக் கட்டி, தலைக்குக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். நான் உட்கார்ந்து சாவியைத் திருகினேன். ம்ஹூம். பேட்டரிக்கு உயிர் இல்லை. முருகேசன் தலையைச் சொறிந்தார். பெரியவீட்டுக்காரர் வாசலைப் பார்த்து, பழக்கம் பாருங்கள், குரல் கொடுத்தார். "ஏ அஞ்சலை! நாலு பேரக் கூட்டியா!"

நான் இறங்கியிருக்க வேண்டும். "அது என் அம்மா, அவங்க இன்னைக்குத் தள்ள வரலை" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். கண்ணாடியில் அம்மா புடவையை வரிந்து கட்டுவது தெரிந்தது. அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா, நேராக அந்த இடத்தில் போய்க் கை வைத்தாள். கூட வந்த பெண்களில் ஒருத்தி, "ஏன்க்கா, உம்மவன் வண்டியாமே?" என்றாள். அம்மா, "ஆமா, அதான் இவ்ளோ கனமா இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வண்டி இருமியது, கிளம்பியது.

கிளம்பிய பிறகாவது நிறுத்தினேனா? நிறுத்தினால் அணைந்துவிடும். அது ஒரு சாக்கு. ஈஸிசேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதுதான் உண்மை. சொன்ன சொல் தவறாமல் நேராக மெயின் ரோட்டுக்குப் போய், எஞ்சினை அணைக்காமல் புளியமரத்தடியில் காத்திருந்தேன். இரண்டு மைல். அம்மா நடந்து வந்து சேர்ந்தாள். புடவை முன்பக்கமெல்லாம் கரியும் துருவும். நான் எட்டி இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் சீட்டைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தாள். மெத்தென்றுதான் இருந்தது.

"நான் உள்ள குந்திட்டா எவடா தள்ளுவா?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கணக்காகத்தான் கேட்டாள். அதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது. கையைக் காட்டி ஏறிக்கொண்டாள். நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே என் சீமைக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். அது நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். மூன்றாவது ஸ்டாப்பில் என் வண்டி அணைந்தது. பஸ் போய்விட்டது. தள்ள ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் அம்மா அதில் உட்காரவே இல்லை. கேட்கும்போதெல்லாம் வயிறு சரியில்லை, அமாவாசை, காற்றடிக்கும் என்று ஏதாவது ஒன்று. நானும் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் நடந்துதான் போவேன். பெரியவீட்டுக்காரர் செத்துப்போன பிறகும் அப்படித்தான், கேட்பாரே இல்லாத வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா செத்துப்போன அன்றைக்குக்கூட டவுன் பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் இறங்கி நடந்துதான் போனேன். இதைவிடக் கேவலம் உண்டா?

நாலுவழிச் சாலை போட வந்தபோது அந்தப் புளியமரத்தை வெட்டினார்கள். பெரியவீட்டுக் கொட்டகையை இடித்துவிட்டார்கள். பருத்தி எடுத்த காட்டில் இப்போது வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறது. முருகேசனும் இல்லை, அந்த டீக்கடையும் இல்லை. இப்போது வருகிற கார்களை பட்டனைத் தொட்டுக் கிளப்புகிறார்கள், தள்ளுவது என்றால் என்னவென்றே அக்கா மகனுக்குத் தெரியாது.

அம்மா போன மறுவருஷம் வண்டியை விற்றேன். பெரம்பலூர் பட்டறைக்காரர், "பின்னாடி ரெண்டு பக்கமும் அசிங்கமா இருக்குதுங்க சார், பட்டி போட்டு அடிச்சுட்டா நல்ல வெலைக்குப் போகும்" என்றார். சரி என்றேன். அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தபோது டிக்கி முழுக்க ஒரே சிவப்பாகப் பளபளத்தது. யாரும் பார்க்காத நேரத்தில் பையிலிருந்து காந்தத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். ஒட்டவில்லை.