பதினைந்தாம் நாள் தண்ணீர்

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் என் நாட்குறிப்பில் ஒன்பது கேள்விக்குறிகள் இருக்கின்றன. எனக்கு விளங்காத விஷயத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அதைச் சுற்றி வட்டம் இடுவது என் பழக்கம். விளங்கியதும் வட்டத்தின் மேல் ஒரு கோடு இழுப்பேன். அந்த ஒன்பதில் ஒன்றின் மீதுகூட முதல் மாதத்தில் கோடு விழவில்லை.

வீடு மெர்போக் ஆற்றோரத்தில் பழைய துறையை ஒட்டிய தெருவில் இருக்கிறது. தெருவில் இரண்டு வரிசைக் கடைவீடுகள். முன்பக்கம் அஞ்சடி என்கிற கூரை போட்ட நடைபாதை, நடுவில் கூரையில்லாத சிறு முற்றம், பின்பக்கம் சமையலறை, மேலே மரத்தரை போட்ட மாடி. ஒரு காலத்தில் படகுகளில் மிளகும் அரிசியும் வந்து இறங்கிய இடம் என்று தெருமுனைப் பலகை சொல்கிறது. இப்போது படகுக்குப் பதிலாகக் கேமராவோடு ஆட்கள் வருகிறார்கள். நான் பல் துலக்கிக்கொண்டு கதவைத் திறந்தால் கதவைப் படம் எடுப்பார்கள்.

எனக்கு விளங்காதவற்றில் சில இவை. பிளக் செருகும் இடங்கள் எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. மாடிப்படியில் முதல் மூன்று படிகள் கல், மற்றவை மரம். முன்கதவின் அடிப்பலகை மட்டும் புதுசு, மேலே உள்ள மரம் நூறு வயது. பக்கத்து வீட்டு அக்காவின் குளிர்பதனப் பெட்டி செங்கல் அடுக்கின் மேல் ஏறி நின்றது. ஒருநாள் சுற்றுலாக் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னவர் எங்கள் வாசலில் நின்று, "முதலாளிங்க சரக்கையெல்லாம் மேல்மாடியிலதான் வச்சிருந்தாங்க" என்றார். நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகச் சரக்கறை பார்க்கிறவன். கனமான சரக்கு எப்போதும் கீழே, இலகுவானது மேலே. அரிசி மூட்டையை முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றியவர்களை நினைத்து அன்று இரட்டை வட்டம் போட்டேன்.

இந்த வீட்டைப் பிடித்தது என் மனைவி. பாடாங் மேஹாவில் நாங்கள் இருந்த வீட்டில் அவள் தையல் இயந்திரம் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருந்தது. யாராவது அளவு கொடுக்க வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பத்து வருடம் அப்படி ஓடியது. இங்கே அவள் நேராக முன்னறைக்குள் போனாள். நடுவில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்துப் பார்த்தாள். அந்த வாரமே இயந்திரம் முன்னறைக்கு வந்தது, சுவரோரம் துணி வைக்க ஒரு அடுக்குத் தட்டும் வந்தது. வரும் துணிகளுக்கு நான் எண் எழுதிச் சீட்டுக் கட்டிக் கொடுத்தேன். சுங்கை லாலாங்கில் இருந்து ஒரு கல்யாண வீட்டார் பெண் வீட்டுப் பெண்களுக்காகப் பதினான்கு பட்டு ரவிக்கைகள் கொண்டுவந்தார்கள். எல்லாம் அவரவர் புடவையிலிருந்து வெட்டி எடுத்த துணி. கெட்டுப்போனால் வேறு வாங்க முடியாது. அவளுக்கு அவ்வளவு பெரிய வேலை வந்தது அதுதான் முதல் முறை.

வீட்டில் ஒரே குறை, குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. வீட்டுக்காரர் வயதான மலாய்க்காரர், யான் என்ற ஊரில் இருக்கிறார். போனில் கூப்பிட்டு, பெரிய குழாயாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து மலாயில் ஒரு செய்தி வந்தது: "ஆயேர் பாசாங் பெசார் 15 ஹரி பூலான். தோலோங் கோசோங்கான் பாவா."

'பாசாங்' என்றால் பொருத்துவது. நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஃபேன் பாசாங் பண்ணினோம், லைட் பாசாங் பண்ணினோம், தொழிற்சாலையில் இயந்திரம் பாசாங் பண்ணுகிறோம். 'ஆயேர்' தண்ணீர், 'பெசார்' பெரியது, 'ஹரி பூலான்' தேதி. ஆக, பதினைந்தாம் தேதி பெரிய தண்ணீர்க் குழாய் பொருத்துகிறார்கள். நான் கேட்டது நடக்கிறது. ஆனால் அடுத்த வரி, கீழ்த்தளத்தைத் தயவுசெய்து காலி செய்யவும் என்றது. எத்தனை நாளைக்கு என்று இல்லை. என் வேலையில் 'கோசோங்கான்' என்று தாள் வந்தால் அந்த இடத்தைத் துடைத்து, சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"கீழன்னா என் ரூம்தானே?" என்றாள்.

"ஆமா. ஒரு நாளைக்கா, நிரந்தரமாவான்னு தெரியல."

"கேளுங்க."

கேட்டேன். அவர் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்பட்டிருந்தார். என் மூன்று செய்திகளுக்கும் ஒற்றைக் குறிதான் விழுந்தது. அழைத்தால் மணியே அடிக்கவில்லை.

"வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. திரும்பக் கட்டில் ஓரமா?" என்று கேட்டுவிட்டு அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டு அக்கா அஞ்சடியில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவர். தெருவில் எங்களைத் தவிர அவர் ஒருவர்தான் தமிழர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதைச் சொல்லாமல் நான் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

"அக்கா, பதினஞ்சாம் தேதி உங்க வீட்டுலயும் பாசாங்கா?"

"தெரு முழுக்கத்தான் தம்பி. உங்க வீட்டுக்கு மட்டும் தனியாவா வரும்?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வரும், ரெண்டு மணி நேரம் நிக்கும், அதுவா போயிடும். நம்ம பாட்டுக்குக் கோப்பி கலக்கிக் குடிச்சிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

"தரைய ஒடைப்பாங்களா?"

அவர் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு ஒடைக்கிறது? சாக்கடை வழியாத்தானே வரும். சாமானை மட்டும் மேல தூக்கி வச்சிருங்க லா."

குழாயைச் சாக்கடை ஓரமாகக் கொண்டுவருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல யோசனையாகவே பட்டது. இரண்டு மணி நேர வேலைக்கு எதற்குக் காலி செய்ய வேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை. அதற்கும் ஒரு வட்டம் போட்டேன். பதினைந்தாம் தேதிக்கு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். பதினான்காம் தேதி மாலை துணிகளை மேலே ஏற்றுவது என்று முடிவு செய்து அதையும் குறித்துவைத்தேன்.

ஏழாம் தேதி எனக்கு ஓய்வு நாள். மனைவிக்குப் பௌர்ணமி விரதம். காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்தபோது அவள் அதைச் சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அதில் வேறு எதுவும் தோன்றவில்லை. மழை இல்லை, நல்ல வெயில். அவள் முன்னறையில் பாய் விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு முற்றத்தின் மூலையில் சாக்கடைக் கண்ணிலிருந்து தண்ணீர் வெளியே வந்தது. ஓசை இல்லை. ஒரு தட்டு அகலம், பிறகு ஒரு பாய் அகலம். குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். அஞ்சடிக்கு ஓடி, தரைக்குழியில் இருக்கும் மீட்டருக்குப் பக்கத்துத் திருகை இரண்டு கையாலும் இறுக்கி மூடினேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் நடைவழியைத் தாண்டியிருந்தது. மறுபடியும் ஓடி இன்னும் இறுக்கினேன். இந்த முறை குழிக்குள்ளேயே தண்ணீர் நின்றது. தெருவிலும் நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா அஞ்சடியில் உயரமான முக்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். கையில் கோப்பி.

"என்ன தம்பி தேடுறீங்க?"

"குழாய் ஒடைஞ்சிருச்சுக்கா. மூடிட்டேன், இன்னும் வருது."

"குழாயை மூடினா ஆறு நிக்குமா? பாசாங் தம்பி, பாசாங். ஆத்துத் தண்ணி ஏறுது. அன்னைக்கே சொன்னேனே."

பள்ளியில் 'பாசாங் சூருட்' என்று ஒரு பாடம் படித்திருக்கிறேன். கடல் ஏறுவதும் வடிவதும். பரீட்சையில் முழு மதிப்பெண்கூட வாங்கினேன். ரப்பர் மரத்துக்கு நடுவில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் தொழிலாளர் லயத்துக் குழாயில் வருவதுதான். அது இரண்டு வேளை வந்து, இரண்டு வேளை நின்று போகும்.

"இன்னைக்கு ஏழாம் தேதிதானேக்கா?" என்றேன். அந்த நேரத்தில் அதைத்தான் கேட்டேன் என்பது இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஏழோ எட்டோ. நிலாவுக்குப் பதினஞ்சு" என்றவர் முக்காலியிலிருந்து இறங்கினார். "உள்ள உங்க வீட்டம்மா கத்துறாங்க, வாங்க."

அவள் கத்தவில்லை, என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாயில் இருந்ததை மேசைக்கு மாற்றிவிட்டாள். சுவரோரத் தட்டின் கீழ் அடுக்கில் நான் சீட்டுக் கட்டி வைத்த ஐந்து மூட்டைகள் இருந்தன, பத்து முதல் பதினான்கு வரை. முடிந்த வேலை கீழே, முடியாதது கைக்கு எட்டும் உயரத்தில் என்று அடுக்கியவன் நான். அக்கா மூன்றை வாரி எடுத்தார். இரண்டு நனைந்துவிட்டன. தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்து, கல்படியின் இரண்டாம் படியில் நின்றது. மரப்படியைத் தொடவில்லை.

"நல்ல தண்ணில ஒடனே அலசணும். உப்புக் காஞ்சா பட்டு போச்சு. குழாயைத் திறங்க" என்றாள் மனைவி.

சமையலறைக் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வீட்டுக்குள் முழங்காலுக்குக் கீழே அவ்வளவு தண்ணீர், குழாயில் ஒன்றுமில்லை.

"என்னங்க?"

"நான்தான் மூடினேன்."

அவள் நனைந்த இரண்டு மூட்டைகளையும் பிரிக்க ஆரம்பித்தாள். அக்காதான் சொன்னார், "நல்லா இறுக்கித்தான் மூடினாரு, நான் பாத்தேன்."

சேற்றுத் தண்ணீரில் கையை விட்டுத் துழாவி, நான் இரண்டு தடவை இறுக்கிய திருகைத் திறக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதற்குள் அக்கா தன் வீட்டுப் பீப்பாயிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்திருந்தார். பதினோராம் எண் அலசியதில் பிழைத்தது. பதின்மூன்றாம் எண்ணில் உள்துணியின் மெரூன் சாயம் பச்சைப் பட்டில் ஏறிவிட்டது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் அதை மடித்தாள்.

அக்கா சொன்னபடி இரண்டு மணி நேரம் நின்றது. அதுவாகப் போனது.

பன்னிரண்டாம் தேதி வீட்டுக்காரர் ஊர் திரும்பி அழைத்தார். பதினைந்து ஹரி பூலான் என்று சொன்னேனே, பூலான் என்றால் நிலாதானே என்றார். ஏழாம் தேதி வந்தது என்றேன். ஏழாம் தேதியெல்லாம் சம்பளத்துக்கு, ஆற்றுத் தண்ணீர் நிலாவைத்தான் பார்க்கும் என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: கீழ்த்தளத்தை நிரந்தரமாகக் காலி செய்ய வேண்டுமா? அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "செக்கெஜாப் லா" என்றார். கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆண்டில் இரண்டு மூன்று தடவைதான் வீட்டுக்குள் ஏறுமாம். பெரிய குழாயைப் பற்றிக் கேட்டேன். எந்தக் குழாய் என்றார்.

மனைவியிடம் சொன்னேன். "அப்ப ரூம் இருக்கு" என்றாள். அன்று மாலையே துணி வைக்கும் தட்டு மாடிக்குப் போனது. நான்தான் சுமந்தேன். அரிசி மூட்டைக்குப் போட்ட இரட்டை வட்டத்தின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பிளக்குக்கும் படிக்கும் கதவுக்கும் செங்கல்லுக்கும் சேர்த்து மேலும் நான்கு கோடுகள்.

எந்தப் பதினைந்து என்பது மட்டும் தெளியவில்லை. வீட்டுக்காரரின் பிறை பதினைந்தும் எங்கள் நாட்காட்டியின் பௌர்ணமியும் சில மாதம் ஒரு நாள் விலகி நிற்கின்றன. அக்கா, பெரிய தண்ணீர் சில சமயம் அதற்கும் மறுநாள்தான் வரும் என்கிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எதை நம்புவது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பதினைந்தாம் தேதி எனக்கு விடுப்பு. நாள் முழுக்க வீடு உலர்ந்திருந்தது. மதியம் மணப்பெண்ணின் அக்கா ரவிக்கைகளை வாங்க வந்தார். மனைவி நல்ல ரவிக்கைகள் பதின்மூன்றையும் கொடுத்துவிட்டு, கெட்டுப்போனதைத் தனியாக விரித்துக் காட்டினாள். நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பதிலாகத் தன் காசில் துணி வாங்கித் தைத்த மெரூன் ரவிக்கையை மேலே வைத்தாள். நான் நடைவழியில் நின்றேன்.

வந்தவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது எங்க சின்னம்மாவோடது. அவங்களுக்கு எப்படித் தச்சாலும் கொறைதான் சொல்லுவாங்க. இந்தத் தடவை கொறை நெசமாவே இருக்கு, பரவால்ல." பிறகு மற்ற பதின்மூன்றையும் ஒவ்வொன்றாக உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தார். மெதுவாகத்தான் பார்த்தார். பைக்குள் வைத்த பிறகு கேட்டார்: "மாப்பிள்ளை வீட்டுலயும் கேக்குறாங்கக்கா. துணி எப்ப கொண்டாரட்டும்?"

மனைவி சுவரில் இருந்த நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "பௌர்ணமி, அமாவாசை, அதுக்கு மறுநாள். இதை விட்டு எப்ப வேணாலும் வாங்க."

"ஓ, விரதமாக்கா?" என்று அந்தப் பெண் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆமா லா" என்றாள் என் மனைவி.