நாய்க்குச் சொன்ன சொல்

சண்டைக் காலத்தில் துறைமுகத்தடியில் நான் செய்த வேலை நாய்க்கு மயிர் சீவுறது. அதுக்கு முதல் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் இருந்தனான். அங்கே முதலாளிக்கு இரண்டு நாய். சீவுற விதத்தை அவர்தான் காட்டித் தந்தவர். ஹோட்டல் பூட்டின பிறகு, துறைமுக வாசலில் சோதனைக்கு நிக்கிற நாயைப் பாக்க ஆள் வேணும் எண்டு கேள்விப்பட்டுப் போனனான்.

அது அல்சேசன். அடர்த்தியான மயிர். மேலால சீவினால் வடிவாத்தான் தெரியும். அடி மயிரில் சிக்கு விழுந்து, கடல் ஈரம் உள்ளுக்குள் நிண்டு, தோல் புண்ணாப் போகும். கையால மயிரைப் பிரிச்சு, தோல் தெரியத் தெரியக் கொஞ்சம் கொஞ்சமாச் சீவ வேணும். முதல் கம்பி பிரஷ், பிறகு அகலப் பல்லுச் சீப்பு. காதுக்குப் பின்னால உண்ணி பாக்க வேணும். மணச் சவர்க்காரம் போடக் கூடாது. மூக்குத்தான் அதின்ர வேலை.

நாயைப் பிடிக்கிறவர் சிங்கள ஆள். மாத்தையா எண்டு கூப்பிடுவன். நாய்க்குக் கட்டளை எல்லாம் இங்கிலீசில். முதல் நாளே சொல்லிப் போட்டார்.

"நாயோட கதை வேணாம். என்ட கதை மட்டும் அது கேக்கணும்."

ஓம் எண்டனான்.

ஆனால் வாய் திறக்காமல் ஒரு உயிரைச் சீவ ஏலாது. கழுத்து மயிர் சீவ அது குந்தி இருக்க வேணும். "இரு" எண்டு சொல்லிப் பின்பக்கத்தை மெல்ல அமத்துவன். இரண்டு மாதத்தில் அமத்தத் தேவையில்லை. "இரு" எண்டால் இருக்கும். நாடியைத் தூக்கும். கண்ணைப் பாதி மூடும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காலமை வேலைக்கு வாறவை வரிசையில் நிப்பினம். நாய் ஒவ்வொருத்தராய் மணந்து கொண்டு போகும். வெடிமருந்து மணந்தால் குரைக்காது. அந்த ஆளுக்கு முன்னால குந்தி இருக்கும். அதுதான் அடையாளம்.

அண்டைக்கு மழை விட்டிருந்தது. நான் தண்ணி வாளியோட கிட்ட நிண்டனான். கப்பல்துறைக் கிராமத்தில் இருந்து வந்து மூட்டை இறக்கிற ஒருத்தர் வரிசையில் நிண்டார். அவரின்ர கூட்டாளி சோதனை முடிஞ்சு உள்ளுக்குள் போய் நிண்டு கூப்பிட்டான்.

"என்ன மச்சான், நாய்க்கும் உன்னைப் பிடிக்கேல்லையோ? நான் போறன்."

"இரு, வாறன்" எண்டார் இவர்.

நாய் அப்ப அவரின்ர காலடியில். அது இருந்தது.

வரிசை இரண்டு பக்கமும் விலகினது. நான் நாயைப் பாத்தனான். நாடியைத் தூக்கி, கண்ணைப் பாதி மூடியிருந்தது. மருந்து மணந்த நாய் அப்பிடி இராது. ஆளை விட்டுக் கண்ணை எடுக்காது. இது சீப்புக்குக் காத்திருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

காவலுக்கு நிண்டவை அவரைப் பிடிச்சுக் கொண்டு போச்சினம். சாப்பாட்டுப் பாசல் சேத்துக்குள் கிடந்தது. நான் வாய் திறக்கேல்லை. நாய்க்குத் தமிழ் பழக்கினது ஆர், ஏன் பழக்கினவன் எண்டு கேப்பினம்.

பின்னேரம் நாயைச் சீவினனான். ஒண்டும் சொல்லேல்லை. அது தானாய் இருந்து நாடியைத் தூக்கினது.

பதினெட்டு நாளால அவரை விட்டவை. ஒண்டும் பிடிபடேல்லை. திரும்ப வேலைக்கு வந்தார். ஆள் பாதியாப் போனார். ஒரு நாள் பைப்படியில் என்னட்டை வந்தார்.

"அண்ணை, நாய் பிழை விடுமோ?"

"விடும்."

"மாத்தையா விடாது எண்டார்." தன்ர கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். "மூட்டையில் இருந்து என்னவோ ஒட்டியிருக்கும் என்ன? சாம்பல் போட்டும் தேச்சுப் பாத்தனான். பிள்ளையைத் தூக்கப் பயமாக் கிடக்கு."

நாய் பத்தடி தள்ளிப் படுத்திருந்தது. ஒரு சொல் சொன்னால் காட்டியிருக்கலாம். மாத்தையாவும் அங்கேதான் நிண்டார். நான் வாளியைத் தூக்கிக் கொண்டு போனனான்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கை கழுவிப் போட்டுத்தான் வரிசைக்கு வருவார். கடைசி ஆளாய் நிப்பார். விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கும். நாய் கிட்டப் போனால் மூச்சை அடக்குவார். நானும் அடக்குவன். அந்தச் சொல்லை நாய் மறக்கட்டும் எண்டு அதை நிக்க வைச்சே கழுத்துச் சீவினனான். அது மறந்ததோ தெரியாது. கிழடாகிச் செத்துப் போச்சு.

சண்டை முடிஞ்சு ஒரு வருசத்தால கண்டி றோட்டு பஸ்ஸில் ஏறிக் கப்பல்துறைக்குப் போனனான். அவர் வீட்டில்தான் நிண்டார். தலை நரைச்சிருந்தது. கதிரை போட்டுத் தந்தார். நான் எல்லாத்தையும் சொன்னனான். சொல், சீப்பு, நாடி, நான் வாய் திறக்காதது. ஒண்டும் விடேல்லை.

அவர் கேட்டுக் கொண்டிருந்தார்.

"என்ர மனம் ஆறட்டும் எண்டு இப்பிடி ஒரு கதை சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்கள்" எண்டார்.

"இல்லை. நடந்ததைத்தான் சொல்லுறன்."

"ஓம், ஓம்." என்ர முழங்காலைத் தொடக் கையைக் கொண்டு வந்தார். பிறகு எடுத்துப் போட்டார். "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி கொண்டு வாறன்."

பின்னுக்குக் கிணத்தடியில் தண்ணி அள்ளி ஊத்திக் கை கழுவுற சத்தம் கேட்டது. கன நேரம் கேட்டது.

நான் இருந்தனான்.