எண்பத்தொன்பது நாள்

அற்புதமேரி எங்கள் இல்லத்துக்கு வந்தது 1953 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. பிறந்து பதினொரு நாள். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த அந்தக் குழந்தைகள் இல்லத்தில் நான் எழுத்தர். முப்பத்திரண்டு தொட்டில்களுக்கு ஆயாக்கள் ஆறு பேர். பால் புட்டியை மடித்த துணியில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவார்கள். நான்காம் மாதத்தில் அவள் அழுவதை நிறுத்தினாள். 'தொந்தரவு இல்லை' என்று குறித்தேன். நல்ல செய்தி என்றே நினைத்தேன்.

பிள்ளைகள் ஓர் ஆயாவிடமே ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிப்பது கஷ்டம் என்று, மாதந்தோறும் முதல் தேதி ஆயாக்களை அறை மாற்றுவது வழக்கம். அந்தப் பட்டியலைப் போட்டவன் நான்.

1957 மார்ச் 2 அன்று தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பிலிருந்து ஆம்ப்ரோசும் அவர் மனைவி பிலோமினம்மாளும் வந்து அவளை அழைத்துப் போனார்கள். பிள்ளையில்லாதவர்கள். மூன்று மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டுத் தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மே 30 அன்று மூவரும் என் மேசை முன் நின்றார்கள். நான் நீட்டிய பேனாவைப் பிலோமினம்மாள் வாங்கவில்லை.

"தேக்கா மார்க்கெட் கூட்டத்துல தவற விட்டுட்டேன் சார். ஒரு மணி நேரம் அலைஞ்சேன். யாரோ பூக்காரம்மா மடியில உக்காந்து வடை திங்கிறா. என்னைப் பாத்து எந்திரிக்கக்கூட இல்ல."

"எல்லார்கிட்டயும் பழகுறா, நல்லதுதானே லா," என்றார் ஆம்ப்ரோஸ்.

"உங்களுக்கு எல்லாம் நல்லதுதான். கீழ விழுந்து முட்டி பேந்தாலும் எங்கிட்ட வரமாட்டேங்கிறா. தானே கழுவிக்கிறா. அந்தப் பூக்காரிக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?"

பிலோமினம்மாள்தான் அழுதாள். நான்கு வயது அற்புதமேரி அவளைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"இந்த மாசம் எந்த ஆயா?"

அன்றைய தேதியிலும் 'தொந்தரவு இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அதன்பின் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. 1969இல், பதினாறு வயதில், ஜூரோங்கில் ஆலை வேலை கிடைத்து இல்லத்தை விட்டுக் கிளம்பினாள். கையில் தொழிலாளர் விடுதிப் படிவம்.

"இதுல சொந்தக்காரங்க பேர் கேக்குறாங்க சார். என்னைய ரொம்ப நாள் பாத்துக்கிட்டவங்க பேரைப் போட்டுக்கிறேன். நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பீங்களே."

பதினாறு வருடப் பதிவேடுகளையும் எடுத்தேன். எந்த ஆயாவும் சேர்ந்தாற்போல முப்பத்தொரு நாளைத் தாண்டவில்லை.

"பிலோமினம்மாள். எண்பத்தொன்பது நாள்," என்றேன்.

"யாரு அவங்க?"

சொன்னேன்.

"அந்த வீட்டுல கப்பல் சங்கு கேக்குமா?"

"கேக்கும்மா."

பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தில் முகவரி. அவர்கள் அந்தக் குடியிருப்பைக் காலி செய்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எங்கே போனார்கள் என்று என் பதிவில் இல்லை. பழைய முகவரியைச் சொன்னேன். தெளிவான கையெழுத்தில் எழுதிக்கொண்டாள்.

"வர்றேன் சார்," என்று சிரித்தாள். வாசலில் இருந்த காவற்காரரிடமும் அதே சிரிப்பைச் சிரித்துவிட்டுப் போனாள்.