வருவது சரி, போவதுதான் போகவில்லை

எங்கள் அண்ணி யாரையும் வாயால் திட்டி நான் கேட்டதில்லை. கையால் திட்டுவாள். அது எங்களுக்குப் புரியாது என்பதால் வீட்டில் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை.

அண்ணியின் அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது. அதனால் அவளுக்கு முதலில் வந்த மொழி கைமொழிதான். வாய்ப்பேச்சு அப்புறம்தான், பக்கத்து வீட்டாரிடமும் பள்ளிக்கூடத்திலும் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி வந்த புதிதில், சாப்பாடு எப்படி இருக்கு என்று என் அம்மா கேட்டால் புருவத்தை ஏற்றி, கன்னத்தை உப்பி, தலையை ஒரு வெட்டு வெட்டுவாள். "இந்தப் பொண்ணு என்னை முறைக்குதுடா" என்று அம்மா அண்ணனிடம் போய் அழுதாள். ரொம்பப் பிரமாதம் என்பதற்கு அந்த முகம்தான் என்று தெரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அந்த மொழிதான் இப்போது அவளுக்கு வேலை. காது கேட்காத ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ போனால், அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் அண்ணி வருவாள். அவர்கள் பேசுவதை இவருக்குக் கையால் சொல்வாள், இவர் கையால் சொல்வதை அவர்களுக்கு வாயால் சொல்வாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைக் காலிசெய்து, சுவரில் கருநீலத் துணி கட்டி, முகத்துக்கு நேராக ஒரு விளக்கு வைத்திருக்கிறாள். வேலை நேரத்தில் வளையல் கிடையாது, பூப்போட்ட துணி கிடையாது. விரல் பளிச்சென்று தெரிய வேண்டும். எட்டு மணிக்கு உள்ளே போனால் நாலு மணிக்குத்தான் வெளியே வருவாள்.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார் என்றாலே ஊருக்கு ஒரு நினைப்பு உண்டு. ஆனால் இந்த வீட்டில் அண்ணிக்காக வரிந்துகட்டிக்கொண்டு நிற்பது நான்தான். அண்ணன் நல்லவன், யாரிடமும் குரலை உயர்த்தாத ரகம், அதனால் பாதி நேரம் பிரயோஜனமில்லை.

டிவிக்கும் நெட்டுக்கும் சேர்த்து ஒரு கம்பெனியின் லைன் வைத்திருந்தோம். பெயர் சொல்லி அவர்களுக்கு விளம்பரம் தர எனக்கு மனசில்லை. ஏழு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. கடைசி மூன்று மாதம்தான் கோளாறு. அண்ணியின் கம்ப்யூட்டரில் எதிரே இருப்பவர் கண்ணாடி மாதிரி தெரிவார். அவருடைய கம்ப்யூட்டரில் அண்ணி பாதிப் பேச்சில் அப்படியே உறைந்து நிற்பாள். நம் வீட்டுக்கு வருவது வருகிறது, நம் வீட்டிலிருந்து போவது போகவில்லை. விஷயம் இவ்வளவுதான், இதை அந்தக் கம்பெனியில் ஒரு ஜீவனுக்கும் புரியவைக்க முடியவில்லை.

பதினோரு புகார் கொடுத்தோம். நாலு தடவை ஆள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் செய்தது ஒரே காரியம். செல்போனை எடுத்து ஒரு சினிமாக் காமெடியைப் போட்டு, "நல்லா ஓடுது பாருங்க மேடம்" என்றார்கள். அவர்கள் வேலை பழகிய விதம் அது. படம் ஓடினால் லைன் சரி. வீட்டில் இருக்கிறவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. இதில் வருகிற தையற்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று அவரே சொன்னார்.

அவர் வேறு ஊர்க்காரர். காது கேட்காதவர். வலது மணிக்கட்டில் ஒரு கட்டி. ஆபரேஷனைப் பற்றி டாக்டர் விளக்க உட்கார்ந்தார், அண்ணி கையால் சொல்லிக்கொண்டு வந்தாள். "கட்டி நரம்பைச் சுத்தி இருக்கு. எடுக்கும்போது நரம்பும் போகலாம். அப்புறம் ரெண்டு மூணு விரல் மடங்காது" என்று டாக்டர் சொன்ன இடத்தில் லைன் நின்றது. அண்ணிக்கு அவர்கள் இருவரும் தெளிவாகத் தெரிந்தார்கள். அவர்கள் பக்கம் அண்ணி உறைந்து நின்றாள், குரலும் போகவில்லை. டாக்டர் தையற்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். தையற்காரர் திரும்பத் தலையசைத்தார். காது கேட்காதவர்கள் அப்படித்தான் செய்வார்கள், வாழ்நாள் முழுக்கப் புரியாத பேச்சுக்கு நடுவே உட்கார்ந்து பழகியவர்கள், சபையில் சங்கடம் வேண்டாமென்று தலையை ஆட்டிவைப்பார்கள். டாக்டர் காகிதத்தை நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். அண்ணி இந்தப் பக்கம் இரண்டு கையையும் வீசி வேண்டாம், வேண்டாம் என்று காட்டிக்கொண்டிருந்தாள், அதில் ஒன்றுகூட அங்கே போய்ச் சேரவில்லை.

அறையிலிருந்து வெளியே ஓடிவந்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நர்ஸைப் பிடித்தாள். "அவருக்கு எதுவும் போய்ச் சேரலை சிஸ்டர். தெரியாம கையெழுத்துப் போட்டிருக்கார்." நர்ஸ் நல்ல மனுஷி, டாக்டரிடம் பேசினாள். அடுத்த வெள்ளி ஆபரேஷன். முந்தின நாள், வியாழன் காலை பத்து மணிக்கு, கால் மணி நேரம் மறுபடி பேசலாம் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். அண்ணியோடு இதே வேலை பார்க்கும் மற்ற இரண்டு கைமொழி மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அன்று வேறு வேலை. எங்கள் தெருவில் செல்போன் நெட் வாட்ஸப்புக்கே மூச்சு வாங்கும். ஆக வியாழன் பத்து மணிக்குள் எங்கள் லைன் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மனுஷனின் விரல் போகும்.

பன்னிரண்டாவது புகார். போனில் ஒரு பெண், பொறுமையை மனப்பாடம் செய்தவள்.

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

"பண்ணியாச்சும்மா. வர்றது நல்லா வருது. போறதுதான் போகலை."

"வர்றது நல்லா வருதுங்களா மேடம்? அப்ப பிரச்சினை இல்லை."

அண்ணி போனை மேஜைமேல் வைத்துவிட்டு, கையால் நீளமாக எதையோ சொன்னாள். சுவர் கேட்டுக்கொண்டது.

சனிக்கிழமை ஆள் வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உங்க போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லுங்க மேடம்" என்றார். அந்த நம்பரைக் கொடுத்தால் புகார் முடிந்தது என்று அர்த்தம். போன நாலு தடவையும் அப்படித்தான் முதலிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள்.

"வேலையை முடிங்க, தர்றேன்" என்றாள் அண்ணி.

"எல்லாரும் முதல்லயே தர்றாங்க மேடம்."

"அதனாலதான் எல்லார் வீட்லயும் இப்படி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், ஏதோ நான் நியாயம் பேசுவேன் என்பதுபோல. நான் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். கம்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் போனவர்தான். அரை மணியில் அண்ணியின் போனுக்குச் செய்தி வந்தது: எங்கள் பணியாளர் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை. புகார் முடிக்கப்பட்டது.

வருஷத்தில் முந்நூறு நாள் அந்தச் சாமான் அறையை விட்டு நகராதவளை வீட்டில் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அண்ணி அதை மூன்று தடவை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "மாத்திடலாம்" என்றாள்.

"எல்லாக் கம்பெனியும் ஒண்ணுதான்" என்றான் அண்ணன். "இவ்வளவு அவசரத்துல புது லைன் எங்க கிடைக்கும்? அம்மா சீரியல் வேற பாதியில நிக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "சீரியல் எங்கடா போகப்போவுது? ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தாலும் அதுல வர்றவ அழுதுட்டுத்தான் இருப்பா. நீ அந்தப் பொண்ணு சொல்றதைக் கேளு."

திங்கட்கிழமை லைனை வெட்டச் சொல்லிப் போன் போட்டோம். விலகப்போகிறோம் என்றதும் என்ன மரியாதை. இதுவரை நாங்கள் கேட்டிராத இனிமையான குரல் ஒன்று வந்தது. மூன்று மாதம் விளையாட்டுச் சேனல் இலவசம் என்றது. அண்ணி வேண்டாமென்றாள். என்ன காரணத்துக்காக விலகுகிறீர்கள் என்று கேட்டது. போவது போகவில்லை என்றாள்.

"அந்தக் காரணம் லிஸ்ட்ல இல்லையே மேடம்."

"நான் சொல்றதை எழுதிக்குங்க சார்."

"எழுத இடமில்லை மேடம். இதுல ஒண்ணைத் தேர்வு பண்ணணும். வீடு மாறுறீங்களா?"

"வீட்ல ஆளே இல்லைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க" என்றாள் அண்ணி. "ஆள் இல்லாத வீட்டுக்கு எதுக்கு சார் லைன்? வெட்டிடுங்க."

எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடித்தும் கொண்டேன்.

அடுத்த தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு சின்னக் கம்பெனி. முதலாளியும் அவரே, ஏணி ஏறுகிறவரும் அவரே. தெருவில் அவருக்கு ஏணிக்காரர் என்றே பெயர். அவர் எவ்வளவு வேகம், எத்தனை சேனல் என்று ஆரம்பித்தார். அண்ணி நிறுத்தினாள். "எனக்கு வர்றது இருக்கட்டும்ண்ணே. போறது எப்படிப் போகும், அதைச் சொல்லுங்க."

அவர் சேனல் பட்டியலை மடித்து வைத்தார். "பத்து வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இதை யாரும் கேட்டதில்லைம்மா."

புதன்கிழமை மதியம் ஒயர் வீட்டுக்குள் வந்தது. ஏணிக்காரரும் பழக்கதோஷத்தில் சினிமாக் காமெடி போடச் செல்போனை எடுத்தார். அண்ணி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். அண்ணன் குறட்டை விடுவதைப் பற்றி ஏதோ கதை, கை பறந்தது. கடைசி விரல் நின்றதும் அப்பா சிரிக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம், எல்லாம் முடிந்து ஆறின பிறகு, மெல்லச் சிரித்தார்.

"ஆகலைண்ணே" என்றாள் அண்ணி.

"சிரிச்சாரேம்மா."

"லேட்டா சிரிச்சார். எங்கப்பா ஜோக்குக்கு லேட்டா சிரிக்கிற ஆள் இல்லை."

ஏணிக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, நியாயம்தான் என்பதுபோல் தலையைச் சொறிந்தார். மறுபடி கம்பத்தில் ஏறி, ஒரு இணைப்பை வெட்டிப் புதிதாகப் போட்டுவிட்டு வந்தார். இந்தத் தடவை என் அம்மாவைப் பற்றிய கதை. அண்ணி முடிப்பதற்கு முன்பே அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என்ன கதை என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வியாழன் பத்து மணி. அண்ணி கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. உள்ளே நடந்தது பிறகு தெரிந்ததுதான்.

டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். அண்ணியின் கை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இரண்டு மூன்று விரல் மடங்காமல் போகலாம் என்ற இடம் வந்தபோது தையற்காரர் தலையசைக்கவில்லை. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "கத்திரி இடது கையில பிடிச்சுப் பழகிக்கலாம். தொழில் போகாது."

தையற்காரர் கை அசைத்தார். அண்ணி அதை வாயால் சொன்னாள். சார் என்று சேர்க்கவில்லை, குரலைத் தணிக்கவில்லை, அவர் சொன்னது சொன்னபடி. "நான் தொழிலைப் பத்திக் கேட்கலை. என் பொண்டாட்டிகிட்ட, என் பொண்ணுகிட்ட நான் இந்தக் கையாலதான் பேசுறேன். உங்க நாக்குல பாதியை எடுத்துட்டு, சாப்பிடப் பழகிக்கலாம்னு சொன்னா நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

 டாக்டர் மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். தையற்காரர் கையை நீட்டி அதை எடுத்து, தன் கையெழுத்தின்மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டுத் திருப்பி வைத்தார்.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் டாக்டர். "நரம்பை விட்டுட்டுக் கட்டியை மட்டும் பிரிச்சு எடுக்கலாம். அதுக்கு வேற டாக்டர் வரணும். மூணு வாரம் காத்திருக்கணும்."

தையற்காரரின் கை எழுந்தது.

"அதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்" என்று அதையும் அவர் சொன்னபடியே வாயால் சொன்னாள் அண்ணி.