டேப் சுத்தி மறைச்ச பேட்டரி

அழுகின பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசம்... பையைத் திறந்ததும் மூக்குல ஏறுச்சு.

காலேஜ் மூணாவது வருஷம். நாமக்கல்ல இருந்து சேலத்துக்கு ரோபோ சண்டைப் போட்டிக்குப் போயிருந்தோம். டீம்ல நானும் கவிதாவும் மட்டும்தான். ரோபோ ஓட்டறது அவ. பேட்டரி என் பொறுப்பு.

இருந்தது ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. சீனியர்ங்க ரெண்டு வருஷம் அடிச்சு ஓட்டிட்டுக் குடுத்தது. அன்னைக்குக் காலைல பார்க்கறேன்... வாசம் அதுல இருந்துதான், நடுவுல உப்பி இருக்குது. விரல் வெச்சா மெத்துன்னு அமுங்குது.

மாத்தணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கருப்பு டேப்பைச் சுத்தி மறைச்சேன். சொன்னா கவிதா போட்டியே வேண்டாம்னுருவாளோன்னு பயம்.

மொத மேட்ச் ஜெயிச்சோம். ஆனா பாதியிலயே ரோபோ தொய்ய ஆரம்பிச்சிருச்சு.

"ஏம்புள்ள, பேட்டரி நல்லாத்தான இருக்குது?"ன்னு கவிதா கேட்டா.

"நல்லா இருக்குது டி."

சூடு ஆறும் முன்னாடியே சார்ஜ் போட்டேன். கவிதா பக்கத்துல குனிஞ்சு சக்கரத்து ஸ்க்ரூவை முடுக்கிட்டு இருந்தா. அவ ஜடை பேட்டரி மேல கெடக்குது...

உஸ்ஸ்னு ஒரு சத்தம்.

என் கண்ணு முன்னாலயே அது வீங்குது. கத்தணும்... குரல் வரல. கால் நகரல.

எதிர் டீம் பொண்ணு ஒருத்தி ஓடியாந்து கவிதாவைப் பின்னாடி இழுத்தா. அடுத்த நொடி குப்புன்னு தீ. யாரோ மணலைக் கொட்டினாங்க. ஹால் முழுக்கப் புகை... கவிதாவோட ஜடை பொசுங்கி, காதோரம் கொப்புளம்.

வராண்டாக் குழாய்ல அவ காதுக்குத் தண்ணி ஊத்திட்டே அழுதேன். "காலைலயே பார்த்தேன் டி... டேப் சுத்தினது நான்தான்."

அவ பொசுங்கின ஜடை நுனியைப் பிச்சுப் போட்டா.

"சொல்லியிருந்தா ஊட்டுக்குப் போயிருப்போம்... அவ்வளவுதான புள்ள?"ன்னா.

அதுக்கப்புறமும் பேசினா, சிரிச்சா. ஆனா என்கூட டீம்ல மட்டும் சேரவே இல்ல.

இப்போ ஓமலூர்ப் பக்கம் ஒரு ஸ்கூல்ல ரோபோடிக்ஸ் சொல்லித் தர்றேன். பேட்டரி லேசா உப்பினாலும் சரி, உள்ள இருக்கற செல்லுக்கு செல் வோல்டேஜ் வித்தியாசம் காட்டினாலும் சரி, முன்ன மாதிரி நேரம் நிக்கலைன்னாலும் சரி... அன்னைக்கே ஒதுக்கிருவேன். "மிஸ், இன்னும் ஓடுதுங்க"ன்னு புள்ளைங்க கெஞ்சும். கேக்கறதில்ல.

ஒரே பெஞ்சுல தோளோட தோள் இடிச்சுட்டு, கவிதாவும் நானும் ரோபோ கட்டின சாயங்காலமெல்லாம் அப்பப்ப நெனப்பு வரும்...

அந்த வயசுல தோக்கறதுக்கு மட்டுந்தான் பயந்தேன். இப்போ ஒவ்வொரு தடவை சார்ஜரைச் சொருகும்போதும் புள்ளைங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, நான் மட்டும் பக்கத்துல நிக்கறேன். பச்சை லைட் எரியற வரைக்கும் மூச்சு சீரா வர்றதில்லைங்க.